மண்டையிடியும் காலைச் சோறும்

மண்டையிடி வந்தால் எங்கள் வீட்டில் காரணம் தேடுவது கிடையாது. அம்மாவுக்கு வந்தால் வெயில். எனக்கு வந்தால் புத்தகம். அப்பாவுக்கு வந்தால் அதற்கு முந்தின ராத்திரியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றே. சுக்கைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து, அந்தக் குழம்பை நெற்றிப் பொட்டில் இழுத்துவிட்டு, ஈரத்துண்டைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். பற்று காயக் காயத் தோலை இழுக்கும். அந்த எரிச்சலில் உள்ளே இருக்கிற வலி கொஞ்சம் மறந்துபோகும். குணமாவது அப்படித்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

திருப்பாலைக்குடி கிழக்குக் கடற்கரைச் சாலையில், தேவிபட்டினத்தைத் தாண்டித் தொண்டிக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஒரு பக்கம் பாக் விரிகுடா, அநேக நாள் அலையே இல்லாமல் கிடக்கும். இன்னொரு பக்கம் உப்பளம். அப்பா நண்டு வலைக்குப் போவார். அம்மா அளத்துக்குப் போவாள். மாசியில் ஆரம்பித்தால் மழை இறங்குகிற வரைக்கும் உப்பு வாருவதும் சுமப்பதும்தான். உச்சி வெயிலுக்குள் முடித்துவிட வேண்டும் என்று விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே கிளம்புவார்கள். கிளம்பும்போது வயிற்றில் இருப்பது ஒரு கிளாஸ் கட்டன் டீ. தூக்குவாளியில் பழைய சோறும் சுட்ட கருவாடும் இருக்கும், ஆனால் அதைத் திறக்கப் பத்து மணி ஆகும், பதினொன்றும் ஆகும். முந்தின இரவு எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்று படுத்தவள், அடுத்த வாய் சோறு தின்பதற்கு முன் எத்தனை தலைச்சுமை உப்பு தூக்கியிருப்பாள் என்று அப்போது நான் யோசித்ததே இல்லை.

தண்ணீரும் குடிக்க மாட்டாள். எங்கள் பக்கம் குடிதண்ணீர் என்பதே தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போய்ப் பிடித்து வருவது, அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. அளத்தில் மறைவு கிடையாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்தியும் வரப்பும்தான். தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடமில்லை, ஆகவே குடிப்பதில்லை. மேலே வெயில். கீழே வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில், அது இமைக்கு அடியில் புகுந்து குத்தும். ஒற்றைத் தலைவலியைத் தூண்டுபவை என்று மருத்துவர்கள் சொல்கிற பசி, தாகம், தூக்கக் குறைவு, கூசுகிற வெளிச்சம் அத்தனையும் ஒரே வேலையில் கிடைக்கும் இடம் உப்பளம் என்றால் அது மிகையில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுப்பாள். ரேடியோவை நிறுத்தச் சொல்லுவாள். மீன் பொரிக்கிற வாசம் வந்தால் ஓங்கரிப்பாள். வாந்தி எடுத்துவிட்டு ஒரு தூக்கம் தூங்கி எழுந்ததும் முதல் பேச்சு, "எல்லாரும் சாப்பிட்டீகளா?"

அப்பத்தா தன் பங்குக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தாள். மண்டையிடிக்காரி கத்தரிக்காய் தின்னக்கூடாது. தயிர் கூடாது, குளிர்ச்சி. பூசணி கூடாது, நீர். முட்டை கூடாது, சூடு. கடலை கூடாது, பித்தம். "நேரஞ்சென்ற சூரையத் தின்னாத, மண்டையக் கிறுக்கும்" என்பது அதில் முக்கியமானது. பின்னாளில் படித்தபோது அந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும் வலுவான ஆதாரம் கிடைத்தது. சூரை, அயிலை, சாளை மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீனை ஐஸில் வைக்காமல் வெயிலில் போட்டுவைத்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், தலை பிளக்கும். ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தே வாங்குகிற அப்பத்தாவுக்கு வேதியியல் தெரியாது, மீன் தெரியும்.

பட்டியலின் மற்றதெல்லாம் அம்மாவின் தட்டைக் காலி செய்ததோடு சரி. முட்டை போயிற்று, தயிர் போயிற்று, கடலை போயிற்று. ஒரு பெண்ணுக்குத் தலைவலி என்றால் அவள் சாப்பாட்டில் எதைக் கூட்டலாம் என்று கேட்டவர்களை நான் பார்த்ததில்லை. எதை நிறுத்தலாம் என்றுதான் ஊரே யோசனை சொல்லும். இன்றைக்குக் கைப்பேசியில் வருகிற ஆலோசனைகளும் அப்பத்தாவின் பட்டியலுக்குப் பேத்திகள்தான். சாக்லேட்டை விடு, கோதுமையை விடு, பாலை விடு. சாக்லேட் விஷயத்திலேயே ஒரு குழப்பம் உண்டு. ஒற்றைத் தலைவலி வெளியே தெரிவதற்கு முந்தின நாளே மூளையில் தொடங்கிவிடுகிறது. கொட்டாவி, எரிச்சல், இனிப்பு மேல் திடீர் ஆசை எல்லாம் அதன் முன்னறிகுறிகள். ஆசைப்பட்டுச் சாக்லேட் தின்கிறோம், அடுத்து வலி வருகிறது, பழி சாக்லேட் மேல் விழுகிறது. உண்மையிலேயே சில பேருக்குச் சில பண்டங்கள் ஒத்துக்கொள்ளாதுதான். சாராயம், நாள்பட்ட பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி இவற்றின் மேல் சந்தேகத்துக்கு இடம் உண்டு. எங்கள் ஊர் அடுப்படியில் அதில் முதலாவது மட்டும்தான் புழங்கும், அதுவும் அம்மாவிடம் இல்லை.

எனக்கு ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்தது. காலையில் டீயும் இரண்டு பொறையும் தின்றுவிட்டுப் போய் இறைவணக்கத்தில் நின்றால், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் காற்று நெளிகிற மாதிரி தெரியும். கண்ணின் இடது ஓரத்தில் ரம்பப்பல் கோடு ஒன்று மினுங்கத் தொடங்கும். அது பெரிதாகி மறைந்தபின் வலது பொட்டில் இடி இறங்கும். "அம்மா மாதிரியே" என்றார்கள். அதில் பொய்யில்லை, இந்த வலி குடும்பத்தில் இறங்கி வரக்கூடியது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வரும். ஆனால் அம்மாவிடமிருந்து நான் வாங்கிக்கொண்டது அது மட்டுமில்லை. வெறும் வயிற்று டீயையும், எல்லாரும் தின்றபின் தின்கிற வழக்கத்தையும் சேர்த்தேதான் வாங்கியிருந்தேன்.

இதைப் பற்றி முதலில் விஷயத்தோடு பேசியது அடுத்த வீட்டு மாமி. எங்கள் ஊரில் ரமலான் வந்தால் நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கும் வந்துவிடும், தூக்குவாளியைக் கொடுத்துவிட்டால் போதும். மாமிக்கு முதல் மூன்று நோன்பும் நரகம். பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னாலேயே தலை வெடிக்கும். ஒரு வருசம் அவர் ஒரு காரியம் செய்தார். ரமலானுக்கு முந்தின ஷாபான் பிறை பாதி தாண்டியதும் டீயைக் குறைக்க ஆரம்பித்தார். நாலு கிளாஸ் மூன்றாயிற்று, இரண்டாயிற்று, பிறகு விடியுமுன் தின்கிற சகர் நேரத்துக்கு ஒன்றே ஒன்று. சகருக்கு எழுந்திருக்கச் சோம்பல்பட்டு முன்னிரவே தின்று படுப்பதையும் விட்டார். அந்த வருசம் முதல் நோன்பன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து வடைக்குப் பருப்பு ஆட்டிக்கொண்டிருந்தார். "பசியில வர்ற வலினு நெனச்சிருந்தேன் பிள்ளை, இது டீக் கேக்குற வலி" என்றார்.

ரமலானின் முதல் நாள் தலைவலி என்ற பெயரிலேயே 1999இல் ரியாத் மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டிருப்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். காபி, டீ பழக்கம் திடீரென்று நிற்பதே முக்கியக் காரணம் என்றுதான் அவர்களும் கண்டிருந்தார்கள். அதற்கு நாலு வருடம் முன்பு இஸ்ரேலில் யோம் கிப்பூர் நோன்பிருந்த மருத்துவமனை ஊழியர்களிடம் நடந்த ஆய்வோ, காபியை நிறுத்தியதற்கும் வலிக்கும் தொடர்பில்லை, பட்டினிதான் காரணம் என்றது. மாமி இரண்டையும் சேர்த்துச் சரிசெய்திருந்தார். டீயைப் படிப்படியாகக் குறைத்ததும் அவர்தான், சகர் சோற்றைத் தப்பவிடாததும் அவர்தான். எந்தக் கை வலியைத் தடுத்தது என்று பிரித்துச் சொல்ல அவருக்கு அவசியமும் இருக்கவில்லை.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து உள்ளூர்ப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபின் நிலைமை மோசமானது. ஏழரை மணி பேருந்து. விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. பையில் எப்போதும் கடையில் வாங்கின மாத்திரை அட்டை. அந்த மாத்திரைகளில் பலவற்றில் கஃபீனும் கலந்திருக்கும். மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் வலி மாத்திரை போட்டுக்கொண்டே மாதக்கணக்கில் போனால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். வலியைவிடக் கொடுமை அசதி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் செருப்பைக் கழற்றக் குனிய மனம் வராது. "டீச்சர் வேலைல என்னத்தா அசதி, உப்பா சொமக்குற?" என்று அப்பத்தா கேட்பாள். பதில் இருக்காது.

ராமநாதபுரத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். என்ன சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க டீச்சர்? அடுத்து எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். கணக்குப் போட்டால் பெரும்பாலான நாள் பதினைந்து மணி நேர இடைவெளி வந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஹீமோகுளோபின் 9.2. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. "இது உங்க ஒருத்தர் கதை இல்ல" என்றார். இல்லைதான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாடு முழுக்க எடுத்தால் 57. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருந்தால் அசதி என்பது வியாதியாகவே கண்ணில் படாது, பெண்பிள்ளை என்றால் அப்படித்தான் என்று ஆகிவிடும்.

அசதி இரும்புச்சத்துக் குறைவால், தலைவலி பரம்பரையால். இரண்டும் வேறு வேறு என்று அவர் பிரித்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒற்றைத் தலைவலிக்காரரின் மூளைக்கு மாற்றம் ஆகாது. பசி, தூக்கம், தாகம் மூன்றையும் ஹைப்போதலாமஸ் என்கிற ஒரே பகுதிதான் கவனிக்கிறது, வலியின் தொடக்கமும் அங்கேதான் என்று இன்றைக்கு நினைக்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு என்று சொல்வது ஒழுக்கப் பாடம் இல்லை.

இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். பூச்சி மாத்திரையும். "முருங்கைக்கீரையில சரிபண்ணிக்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். கீரையில் இருக்கிற இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் ஒட்டும். கூடவே எலுமிச்சை, நெல்லி, தக்காளி ஏதாவது சேர்ந்தால் கூடுதலாக ஒட்டும். மீனிலும் இறைச்சியிலும் இருக்கிற இரும்பு அதைவிட எளிதாக ஏறும். இவ்வளவையும் கெடுப்பதற்கு ஒரு கிளாஸ் டீ போதும். சாப்பாட்டோடு குடிக்கிற டீ, கீரை தானியங்களில் இருந்து வரும் இரும்பைப் பாதிக்கு மேல் உறிஞ்ச விடாமல் செய்துவிடும். அம்மாவுக்குப் பழைய சோற்றுக்கு மேல் ஒரு டீ, எனக்கு இட்லிக்கு மேல் ஒரு டீ. வீட்டில் வாங்கிய கீரைக்கட்டுகளில் எவ்வளவு டீயில் கரைந்துபோனதோ.

மாற்றங்கள் பெரிய விரதமெல்லாம் இல்லை. பேருந்துக்கு முன் சாப்பாடு. கஞ்சியோ, கம்பங்கூழோ, முந்தின நாள் சோறோ, எதுவானாலும் சரி. டீ அதற்கு ஒரு மணி நேரம் கழித்துப் பள்ளிக்கூடத்தில், ஒன்று. பதினொரு மணிக்குக் கடலையும் கருப்பட்டியும் ஒரு பிடி. பாட்டில் தண்ணீர் காலியாகித்தான் வீட்டுக்கு வர வேண்டும். ராத்திரிச் சாப்பாடு எல்லாரோடும் சேர்ந்து. கடைசியாகச் சொன்னதுதான் வீட்டில் பிரச்சினை ஆனது. பொம்பளைப்பிள்ளை அப்பனோடு உட்கார்ந்து தின்பதா என்று அப்பத்தா முணுமுணுத்தாள். அப்பாவுக்குப் பிரச்சினையே இல்லை. அவருக்கு நடுத்துண்டு வந்தால் போதும்.

மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. ஒற்றைத் தலைவலி உள்ள 182 பேருக்கு 16 வாரம் மூன்று விதமான சாப்பாடு. ஒமேகா-3 மிகுந்த மீனைக் கூட்டி, கூடவே லினோலிக் அமிலம் மிகுந்த எண்ணெய்களைக் குறைத்தவர்களுக்கு, வழக்கமான சாப்பாடு தின்றவர்களைவிட மாதத்தில் நாலு நாள் போலத் தலைவலி குறைந்தது. மீனை மட்டும் கூட்டியவர்களுக்கு இரண்டு நாள் போல. அன்றாட வாழ்க்கையை வலி எவ்வளவு கெடுக்கிறது என்று அளக்கிற மதிப்பெண்ணில் மட்டும் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நான் இந்த ஆய்வைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அங்கே அவர்கள் காசு கொடுத்து ஊட்டிய எண்ணெய்ச் சத்துள்ள மீனின் உறவுக்காரர்கள் எங்கள் கரையில் கூடையில் வந்து இறங்குகின்றன. சாளை, சூடை, நெத்திலி, எல்லாம் மலிவு. விலைபோகிற நண்டும் கணவாயும் கம்பெனிக்குப் போகட்டும், அதில்தான் குடும்பம் நடக்கிறது. ஆனால் சாளையும் சூடையும் வீட்டுக்கு வந்தாலும் ஆம்பளைகள் தட்டில் ஏறி, கடைசியில் உட்காருகிறவளுக்குக் குழம்பும் புளியும்தான் மிச்சமிருந்தது.

எண்ணெயும் மாறிப்போயிருந்தது. அப்பத்தா காலத்தில் நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாயின. பிறகு சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட் வந்தது. அதில் லினோலிக் அமிலம் பாதிக்கு மேல், தேங்காயெண்ணெயில் பெயருக்குத்தான். அதற்காகச் சூரியகாந்தி விஷம் என்று கிளம்பினால் நானும் அப்பத்தாவாகிவிடுவேன். பொரிப்பதைக் குறைத்துக் குழம்பாக வைத்தோம், அவ்வளவே. சாளையை முள்ளோடு மசிய வேகவைத்து, முண்டு மிளகாய் அரைத்துவிட்ட புளிக்குழம்பில் போட்டால் எண்ணெய் அதிகம் தேவைப்படாது.

சத்து மாத்திரைகள் பற்றியும் பலர் கேட்பார்கள். ரிபோஃபிளேவின் என்கிற பி2 வைட்டமின் ஒற்றைத் தலைவலியைக் குறைப்பதாக 1998இல் பெல்ஜியத்தில் ஓர் ஆய்வு வந்தது. அதில் கொடுத்த அளவு நாளுக்கு 400 மில்லிகிராம். ஒரு நாள் தேவை இரண்டு மில்லிகிராம் போலத்தான். அதைச் சாப்பாட்டிலிருந்து எடுக்க முடியாது, அது மருந்துக் கணக்கு, மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்.

என் வலி போய்விடவில்லை. தூரம் நெருங்குகிற நாட்களில் இன்றும் வரும், பங்குனி சித்திரை வெயிலில் வரும். ஆனால் வாரம் தவறாமல் வந்தது எப்போதாவது வருவதாகிவிட்டது. அசதிதான் முதலில் போனது. ஹீமோகுளோபின் ஏறியபின் ஒரு நாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து, யாரும் சொல்லாமலே வாசல் பெருக்கினேன். "இன்னைக்கு என்னத்தா, பேய் புடிச்சிருச்சா?" என்று அம்மா கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் இதே கதையைச் சிறு அளவில் பார்த்தேன். இறைவணக்கத்தில் மயங்கி விழுகிற, இரண்டாம் பாடவேளையில் "டீச்சர், தலை வலிக்கிது" என்று பெஞ்சில் கவிழ்கிற பிள்ளைகளிடம் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், பதில் டீதான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. பொங்கலோ கிச்சடியோ உப்புமாவோ தின்றுவிட்டு உட்கார்கிற பிள்ளை பதினொரு மணிக்குக் கவிழ்வதில்லை. இதற்கு நான் எந்த அட்டவணையும் வைத்திருக்கவில்லை, வகுப்பில் நிற்கிறவளுக்குத் தெரியும். சத்துணவுக்கு வந்த உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அயோடினோடு இரும்பும் சேர்த்த உப்பு, தமிழ்நாடு உப்புக் கழகத்தினுடையது. 1974இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் உப்பளம் எங்கள் மாவட்டத்தின் இன்னொரு கரையில், வாலிநோக்கத்தில் இருக்கிறது. உப்பு சுமக்கிற பெண்ணுக்கு இரும்பு இல்லை, அந்த உப்புக்கு இருக்கிறது.

அம்மா முழங்கால் வலியில் அளத்தை விட்டுவிட்டாள். இப்போது மதினி போகிறாள். மழைக்காலத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களுக்கு அரசு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் கொடுக்க ஆரம்பித்தது நல்ல விஷயம்தான், ஆனாலும் ஐப்பசி கார்த்திகையில் குழம்பில் மீனின் எண்ணிக்கை குறைவதை அம்மா கண்ணால் அளப்பாள். தை பிறந்து அளம் தொடங்கியதும் அவளுக்கும் மதினிக்கும் தினமும் விடிகாலைச் சண்டை. "கஞ்சிய குடிச்சிட்டுப் போ தாயி" என்பாள் அம்மா. இருட்டில் தின்றால் குமட்டுகிறது என்பாள் மதினி. அவள் சொல்வதும் நியாயம்தான், மூன்றரை மணிக்கு யாருக்குச் சோறு இறங்கும்? ஒப்பந்தம் இப்படி முடிந்தது. வீட்டில் ஒரு டம்ளர் நீராகாரம், உப்புப் போட்டு. டீ திரும்பி வந்தபின். தூக்குவாளியைப் பத்து மணி வரை வைத்திருக்காமல் ஏழு மணிக்கே திறந்துவிட வேண்டும். கூட வேலை செய்கிற பெண்களும் இப்போது ஏழு மணிக்கு உட்கார்ந்துவிடுகிறார்களாம். வேலை கெடுகிறது என்று கங்காணி சத்தம் போட்டிருக்கிறார். அதற்கு மதினி சொன்ன பதிலை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். டீச்சர் எழுதுகிற கட்டுரையில் போடக்கூடிய பதில் இல்லை அது.